பெயருக்குப் பின்னே ஒரு பெயர்

ஒரகடத்து ஆலைகள் சிலவற்றின் முகப்பில் இருப்பவை மனிதர்களின் குடும்பப் பெயர்கள். ரெனோ என்பதும் பென்ஸ் என்பதும் அத்தகையவை. அவ்வாயில்களுக்குள் வேலை தேடிச் செல்லும் நம் இளைஞர்கள் விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்னும் கட்டத்தின் முன் திகைக்கின்றனர். முதலெழுத்தாக மட்டும் நின்ற தந்தையின் பெயரை அதில் விரித்து எழுதுகின்றனர். அயல்நாட்டு மேலாளரோ மகனைத் தந்தையின் பெயர் சொல்லி அழைக்கிறார்.

இதற்குத் தீர்வாக மரக்காயர், ராவுத்தர், லெப்பை என்பவற்றையே நிலையான குடும்பப் பெயராகக் கொள்ளலாம் என்று நம்மவருள் சிலர் கூறுகின்றனர். நாகரிகச் சமூகங்கள் யாவும் தொன்றுதொட்டுக் குடும்பப் பெயர் தாங்கியவை, நாம் மட்டுமே பின்தங்கிவிட்டோம் என்னும் எண்ணம் இக்கூற்றின் அடியில் உள்ளது. இதனை நாம் ஏற்பதற்கில்லை.

மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்களை நோக்குவோம். அவர்களுள் பெரும்பாலோர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை 'இன்னார் மகன் இன்னார்' என்றே வழங்கப்பட்டனர். ஹீப்ருவின் 'பென்', அரபியின் 'இப்னு' இரண்டும் ஒரே வேரின. 1787இல் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப்பும், 1808இல் நெப்போலியனும், 1812இல் பிரஷ்ய அரசும் யூதர்கள் நிலையான குடும்பப் பெயர் பூண வேண்டுமென ஆணையிட்டனர். வரிக்கும் படைச்சேர்ப்புக்கும் பதிவேடு தேவைப்பட்டது. கோல்ட்பெர்க் என்றால் பொன்மலை, ரோசென்தால் என்றால் ரோஜாப் பள்ளத்தாக்கு. பொருள் இனிமையானதே. ஆயினும் அப்பெயர்களுள் பல பதிவேட்டுக்காகப் புனையப்பட்டவை. அவற்றில் முன்னோர் வாழ்ந்த மலையைத் தேடுவது வீண். பெயரைப் பதிந்த அரசே பெயரால் ஒதுக்கவும் முடியும் என்பதை 1938 காட்டிற்று. யூத ஆண்கள் 'இஸ்ரேல்' என்றும் பெண்கள் 'ஸாரா' என்றும் கூடுதல் பெயர் சூட வேண்டுமென ஜெர்மனியின் நாஜி அரசு அவ்வாண்டு சட்டமியற்றியது.

ஒரகடத்தில் 2012இல் தொடங்கப்பட்ட டைம்லர் ஆலையின் பாரத்பென்ஸ் லாரிகளுக்கு உறவான 'மெர்சிடிஸ்' என்னும் பெயர் இன்னும் சுவையானது. வியன்னாவின் புகழ்மிக்க யூத மதகுரு அடால்ஃப் யெல்லினெக்கின் மகன் எமில், டைம்லர் கார்களை விற்றுப் பொருளீட்டியவர். யெல்லினெக் என்பது 'சிறுமான்' எனப் பொருள்படும் செக் மொழிச் சொல். எமில் தம் மகளின் பெயரைக் காருக்குச் சூட்டினார்; 1903இல் தம் குடும்பப் பெயரையும் யெல்லினெக்-மெர்சிடிஸ் என மாற்றிக்கொண்டார். மெர்சிடிஸ் என்பதோ கருணைகளைக் குறிக்கும் ஸ்பானியச் சொல். கத்தோலிக்கர் அன்னை மர்யமுக்கு வழங்கும் சிறப்புப் பெயரிலிருந்து வந்தது. மகவின் பெயரால் தந்தை அறியப்படுவதை அரபியர் 'குன்யத்' என்பர். ஐரோப்பியக் குடும்பப் பெயரொன்று எமிலின் செயலால் ஏறத்தாழக் குன்யத்தாகிவிட்டது!

இனி நம் பட்டங்கள். மரக்காயர் என்பதை மரக்கலத்தோடும், அரபியின் 'மர்கப்' என்பதோடும் தொடர்புறுத்துவர். ராவுத்தர் குதிரைவீரரைக் குறிப்பது. லெப்பையை 'லப்பைக்' என்னும் விடைச்சொல்லிலிருந்து வருவிப்போர் உளர். அது செவிக்கு இனிமை, சான்றுக்கு மெலிவு. எவ்வாறாயினும் இவை தொழிலையும் குழுவையும் சுட்டும் 'லகப்' வகையினவே. இன்னாரின் மகன் என்னும் 'நஸப்' இவற்றில் இல்லை. வளர்ப்புப் பிள்ளைகளையும் அவர்தம் தந்தையர் பெயராலேயே அழைக்க வேண்டுமென அல்குர்ஆனின் 33ஆம் அத்தியாயம் பணிக்கிறது. அம்மரபை நம் தமிழ் முதலெழுத்து ஓர் எழுத்திலேயே காத்து வருகிறது. அதன் இடத்தில் குழுப்பட்டத்தை அமர்த்தினால் தந்தை மறைவார், குழு நிலைக்கும். ஏற்றத்தாழ்வு மறைய வேண்டிய சமுதாயத்துக்கு இது ஆதாயமா?

மணமான பெண் தன் முதலெழுத்தை மாற்றிக் கணவரின் எழுத்தை ஏற்பதும் இத்தகையதே. ஷரீஅத் அதனைக் கேட்கவில்லை.

பயண நெருக்கடியை நாம் மறுக்கவில்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயருள்ள கடவுச்சீட்டுடன் சுற்றுலா விசாவில் வருவோரை ஏற்பதில்லை என அறிவித்தது. சில நாள்களில், கடவுச்சீட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தையின் பெயர் இருப்பின் போதும் என்று தளர்த்தியது. அங்கே கேட்கப்பட்டது மரக்காயரோ ராவுத்தரோ அன்று, தந்தையின் பெயர்தான்.