வெயில் மறைக்கும் வளையம்

லென்ஸ் ஹூட்டின் விளிம்பு அழகுக்காக வெட்டப்பட்டதல்ல. லென்ஸ் எவ்வளவு அகலம் பார்க்கிறது என்ற கணக்குதான் அந்த வடிவம். பிரேமுக்குள் வராத வெயில் முன்கண்ணாடியில் சாய்வாக விழுந்தால், உள்ளே ஒவ்வொரு பரப்பிலும் பட்டுத் தெறித்துப் படத்தை வெளிறடிக்கும், கறுப்பு சாம்பலாகும். ஹூட் அந்த வெயிலை வாசலிலேயே நிறுத்துகிறது.

கங்கைகொண்ட சோழபுரத்தில் இதன் பயனையும் எல்லையையும் ஒருசேரப் பார்க்கலாம். முதலாம் இராசேந்திரன் எழுப்பிய கோயில் விமானத்தின் உயரம் ஏறத்தாழ 55 மீட்டர். டிசம்பர் கடைசியில், நண்பகல் சூரியன் அங்கே தெற்கு வானில் சுமார் 55 பாகை உயரத்தில் நிற்கும். வடக்கே தள்ளி நின்று 24 மி.மீ. லென்ஸில் விமானத்தைப் பிடிக்கிறார் ஒருவர் என்று கொள்வோம். ஃபுல் ஃபிரேம் கேமராவில் அந்த லென்ஸ் பக்கவாட்டில் 74 பாகையும், மேல்கீழாக 53 பாகையும், மூலைக்கு மூலை 84 பாகையும் பார்க்கும். பெட்டல் ஹூட் இந்த மூன்று எண்களிலிருந்து பிறந்தது: மேலும் கீழும் நீண்ட இதழ், பக்கங்களில் குட்டை இதழ், மூலைகளில் பள்ளம். கேமராவை மட்டமாகப் பிடித்தால் மேல் இதழ் கண்ணாடிக்கு ஓரளவு நிழல் தரும். 30 பாகை நிமிர்த்தினாலோ சூரியனே பிரேமின் மேல்விளிம்புக்குள் வந்துவிடும். பிறகு எந்த ஹூட்டாலும் பயனில்லை. விமானம் சூரியனை மறைக்கும் இடத்துக்கு நகர்வதே வழி. அவ்வளவு பெரிய ஹூட் எந்தக் கடையிலும் கிடைக்காது.

பெட்டல் ஹூட்டைக் கால்வட்டம் தப்பாகத் திருகினால் நீண்ட இதழ்கள் படத்தின் இருபுறமும் கருநிழலாக நுழையும். ஃபோகஸ் செய்யும்போது முன்பகுதி சுழலும் பழைய 18-55 கிட் லென்ஸ்களுக்கு வட்ட ஹூட் கொடுத்ததன் காரணமும் இதுவே.

அதே கோயிலின் வடக்கு வாயிலருகே உள்ள சண்டேச அனுக்கிரக மூர்த்தி சிற்பத்தை 50 மி.மீ. லென்ஸில் எடுப்பவருக்கு ஆழமான வட்ட ஹூட் போதும். பார்ப்பதற்குத் தொழில்முறையாக இருக்கிறதென்று இதில் இதழ் தேடுவது வெறும் பகட்டு.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் சிக்கல் வேறு. கல்லான மரம் அங்கே 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. முழு மரத்துக்கு அகலக் கோணம், அதன் மேற்பரப்புக்கு நெருக்கக் கோணம் என்று ஜூம் லென்ஸ் மாறிக்கொண்டே இருக்கும். ஹூட்டோ அகலக் கோணத்துக்கு மட்டும் அளந்து வெட்டப்பட்டது. 70 மி.மீ.யில் அது பேருக்குத்தான் ஹூட். கேனானின் முதல் 24-70 எஃப்/2.8 எல் லென்ஸ் இதை நயமாகத் தீர்த்தது. ஹூட் அசையாத வெளிக்குழலில் மாட்டப்பட்டிருக்கும். 24-இல் முன்னே நீளும் கண்ணாடி, 70-ஐ நோக்கிப் போகப்போக உள்ளே இறங்கும். தானாகவே ஹூட்டின் ஆழம் கூடிவிடும். ஜூம் ஹூட்களில் இதற்கு இணையான யோசனை அரிது.

கரைவெட்டி ஏரியில் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்துகளுக்கு 500, 600 மி.மீ. லென்ஸ்கள் வேண்டும். பார்வைக் கோணம் 5 பாகைக்குள் சுருங்குவதால் மூலைக்கும் பக்கத்துக்கும் வித்தியாசம் சொற்பம்; இதழ் வெட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. நீண்ட உருளைதான் சரி. மேலிருந்து வரும் வெயிலோடு, தண்ணீரில் பட்டுக் கீழிருந்து எழும் பளபளப்பையும் அது தடுக்கும். உட்புறம் வழவழப்பாக இருந்தால் உருளையே ஒளியைத் தெறிக்கவிடும் என்பதால், நல்ல ஹூட்டுக்குள் வரிவரியான பள்ளங்களோ கறுப்பு வெல்வெட் போன்ற பூச்சோ இருக்கும். ஏரிக்காற்று பலமாக அடித்தால் இந்த நீளமே காற்றை வாங்கி லென்ஸை ஆட்டும். வெயில் முதுகுப்பக்கம் இருக்கும் வேளையில் கழற்றிவிடலாம்.