விளம்பரமா? விமர்சனமா?

கணியூர் தந்த கே.ஏ.மதியழகன் 'தென்னகம்' வார ஏட்டை நடத்தியவர். ஏடும் மேடையும் கைகோத்து நடந்த காலம் அது! அவ்வூர் இளைஞர் இன்று நாடக விமர்சனத்தை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளலாமா? கொள்ளலாம் என்போம் நாம்.

ஆனால் ஒன்று: பனியன் கம்பெனியில் லேபிள் தைப்பவர் வேறு, துணியின் ஓட்டையைக் கண்டு ஒதுக்கும் செக்கிங் ஆள் வேறு. நாடகக் குழுவிடம் ஊதியம் பெற்று அதன் பெருமையைப் பரப்புவது நேர்மையான தொழிலே. அதையே விமர்சனமென்று விற்பதுதான் மோசடி!

காங்கிரசுக்காரரான கல்கி, கொள்கையில் மாறுபட்ட அண்ணாவின் 'ஓர் இரவு' நாடகத்தைக் கண்டு, அவரைப் பெர்னாட்ஷாவுக்கு ஒப்பிட்டு எழுதினாரே! விலைக்கு வராத பாராட்டு என்பதாலன்றோ இன்றும் அதைப் பேசுகிறோம்?

பேனா கூலி பெறட்டும். கருத்து கூலிக்குப் போகவேண்டாம்!