கதவு எண்ணும் கோப்புறையும்

மயிலாப்பூர் வீடொன்றின் முகவரி கதவு எண்ணில் தொடங்கி, தெரு, பகுதி என்று விரிந்து சென்னையில் முடியும். 'கோ' நிரல்மொழியில் எழுதிய நிரலின் முகவரியோ ஊரில் தொடங்கிக் கதவில் வந்து நிற்கும். கைலாஷ் நாத் எழுதிய 'கோன்ஃப்' நூலகத்தின் 'கிட்ஹப்.காம்/கேநாத்/கோன்ஃப்/பார்சர்ஸ்/டோமல்' என்ற இறக்குமதிப் பாதை அத்தகையது.

ஒரு கோப்புறையிலுள்ள நிரல் கோப்புகள் சேர்ந்தே 'பேக்கேஜ்' எனப்படும் தொகுப்பாகின்றன என்பதால், கோப்புறையைப் பிரிப்பது கோ மொழியில் அலமாரியை ஒழுங்குபடுத்தும் வேலையாக நின்றுவிடாமல், எந்தப் பெயர் யாருக்குத் தெரியலாம் என்பதையே முடிவு செய்கிறது. பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரே தொகுப்புக்கு வெளியே தெரியும். பெரிய எழுத்தே இல்லாத தமிழில் சூட்டிய பெயர் வாசலைத் தாண்டாது. போதாக்குறைக்கு, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் பெயர்களில் இம்மொழி ஏற்பதில்லை என்பதால், 'நகர' என்று பெயர் வைக்கலாம், தியாகராய நகரின் 'நகர்' செல்லாது.

உட்கோப்புறை என்பதாலேயே மேலுள்ள தொகுப்பின் அந்தரங்கம் அதற்குத் திறந்துவிடுவதில்லை. கம்பைலருக்கு இரண்டும் அயலார்தான். 'இன்டர்னல்' என்று பெயரிட்ட கோப்புறைக்கு மட்டும் தனி விதி: அது அமைந்துள்ள கோப்புறைக்குள் அடங்கிய நிரல்களே அதை அழைக்க முடியும்.

செயலிக்குரிய அமைவுகளைப் படித்துத் தரும் கோன்ஃப், அவை எங்கிருந்து வருகின்றன என்பதை 'ப்ரொவைடர்ஸ்' கோப்புறையிலும், எந்த வடிவில் வருகின்றன என்பதை 'பார்சர்ஸ்' கோப்புறையிலும் வைத்து, நடுவிலுள்ள மையத்தை அவ்விரண்டையும் அறியாததாக விட்டிருக்கிறது. 2018இல் கோ 1.11 வழியாக அறிமுகமான 'மாட்யூல்', தனக்கென 'கோ.மாட்' கோப்பும் பதிப்பு எண்ணும் கொண்ட வெளியீட்டு அலகாகும். கோன்ஃப் தன் உட்கோப்புறைகளையும் அவ்வாறே தனித்தனி மாட்யூல்களாக்கியிருப்பதால், டோமல் வடிவக் கோப்பொன்றைப் படிக்க வந்தவரின் தலையில் வால்ட், எஸ்3 போன்ற பிற மூலங்களுக்கான சார்பு நூலகங்கள் ஏறுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிப்புக் குறி இட வேண்டியிருப்பது பேணுபவருக்குத் தலைவலிதான். ஆயினும் அந்தச் சுமையைப் பயனர்மீது இறக்காமல் தானே ஏற்றதில்தான் இவ்வமைப்பின் அழகு இருக்கிறது.

கோன்ஃப் மையத்தின் பாதை இன்று, இரண்டாம் பதிப்பைக் குறிக்கும் 'வி2' என்று முடிகிறது. சென்னை வீட்டுப் பலகைகளில் பழைய எண்ணும் புதிய எண்ணும் அருகருகே நின்று தபால்காரரைக் குழப்புவதுண்டு. கோ மொழியில் பழைய பதிப்பும் 'வி2'வும் வெவ்வேறு முகவரிகள் என்பதால், இரண்டையும் ஒரே நிரலில் குழப்பமின்றி அழைக்கலாம்.