மாதிரி விமானங்களுக்கு நுணுக்கப் பாகங்கள் தேவைதானா?

முடிச்சூர்வாசிகளுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. தாம்பரம் விமானப்படைத் தளம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. விமானம் ஓட்டக் கற்றுக் கொடுக்கும் ஆசிரியர்களுக்கே பாடம் நடத்தும் பள்ளி 1954-இல் அங்கு வந்து சேர்ந்தது. பெங்களூரில் உருவான கிரண் ஜெட் பயிற்சி விமானம் எங்கள் மொட்டை மாடிகளுக்கு மேல் பல்லாண்டுகள் வட்டமிட்டிருக்கிறது. இந்தச் சூழலில் வளர்ந்த பையன்களில் சிலருக்கு மாதிரி விமானம் செய்யும் பித்துப் பிடிப்பதில் வியப்பில்லை. எனக்கும் பிடித்தது, இன்னும் விடவில்லை.

இங்கு நான் சொல்வது பறக்கும் மாதிரிகளை அல்ல. பிளாஸ்டிக் பாகங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒட்டி, வண்ணம் பூசி, அலமாரியில் வைக்கும் ஒப்பளவு மாதிரிகளைச் சொல்கிறேன். 'கிட்' என்று நாம் அழைக்கும் இந்தப் பெட்டிக்குள் இருப்பவை போதவில்லை என்று கருதுவோருக்காக ஒரு தனித் தொழிலே வளர்ந்திருக்கிறது. பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்த இருக்கைப் பட்டிகள், ரெசினில் வார்த்த இருக்கைகளும் சக்கரங்களும், வெள்ளீயக் கலவையில் வார்த்த இறங்கு கால்கள், கடைந்தெடுத்த துப்பாக்கிக் குழல்கள் என்று பட்டியல் நீளும். செக் நாட்டின் எடுவார்ட் நிறுவனம் 1989-இல் தொடங்கியது. பித்தளை நுணுக்கப் பாகங்கள் என்றாலே இன்று பலருக்கும் அதன் பெயர்தான் நினைவுக்கு வரும். பல சமயம் இப்பாகங்களின் மொத்த விலை கிட்டின் விலையையே மிஞ்சிவிடும். கப்பல் கூலியும் சுங்கமும் வேறு. ஆகவே அவை கொடுத்த காசுக்குத் தகுமா என்று கேட்பது கஞ்சத்தனம் ஆகாது.

இக்கேள்வி எனக்குள் எழுந்தது ஓர் அவமானத்தின் பயனாக. 2014-இல் நான் ஒரு நேட் விமானம் செய்தேன். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் தனியாகப் போரிட்டு வீழ்ந்து, பரம வீர சக்கரம் பெற்ற ஒரே விமானப்படை வீரராகிய நிர்மல் ஜித் சிங் செகோன் ஓட்டியது நேட் அல்லவா? கைக்குக் கிடைத்தது ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் பழைய கிட். அதற்கென்று பித்தளைக் கருவிப் பலகை, பட்டிகள், ரெசின் இருக்கைகள் எல்லாம் வரவழைத்தேன். மூன்று மாதம் உழைத்தேன். மூவண்ண வட்டங்கள் ஒட்டி முடித்ததும், நேட் விமானங்களில் தரைப்பணி புரிந்து ஓய்வு பெற்று எங்கள் தெருவிலேயே குடியிருந்த பெரியவர் ஒருவரை அழைத்துக் காட்டினேன். வாசற்படியைக்கூட அவர் தாண்டவில்லை.

"என்ன தம்பி, நம்ம நேட்ல ரெண்டாவது ஆளு எங்க வந்தாரு?" என்றார்.

ஏர்ஃபிக்ஸ் செய்தது பிரிட்டனின் இரட்டை இருக்கைப் பயிற்சி நேட். நம் விமானப்படை போரில் பறக்கவிட்டதோ ஒற்றை இருக்கைச் சண்டை விமானம். பயிற்சி விமானத்தின் இறக்கை விரிவு 24 அடி, நீளம் 31 அடி 9 அங்குலம். சண்டை விமானத்துக்கு 22 அடி 1 அங்குலம், 28 அடி 8 அங்குலம். 72-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் என் மாதிரி 13 மி.மீ. கூடுதல் நீளம், 8 மி.மீ. கூடுதல் அகலம். பித்தளைப் பட்டியின் கொக்கியைப் பூதக்கண்ணாடி வைத்து ஒட்டியவனுக்குச் சுண்டுவிரல் அகலத்துக்கு நீண்டிருந்த உடல் கண்ணில் படவில்லை. குறை கிட்டில் இல்லை. பெட்டியின் மேலேயே 'பயிற்சி விமானம்' என்று அச்சிட்டிருந்தார்கள்.

72-இல் ஒரு பங்கு என்ற அளவு எப்படி வந்தது? ஆறடியை ஓர் அங்குலமாக்கினால் கிடைப்பது அது. 1942-இல் அமெரிக்கக் கடற்படை, பள்ளி மாணவர்களைக் கொண்டு மரத்தில் ஐந்து லட்சம் மாதிரி விமானங்கள் செய்யத் திட்டமிட்டது இந்த அளவில்தான். வானில் வருவது நம்முடையதா, எதிரியுடையதா என்று வீரர்கள் பழகுவதற்காக. மாதிரியை 35 அடி தூரத்தில் பிடித்தால் ஏறத்தாழ அரை மைலில் பறக்கும் விமானம்போல் தெரியும். அவற்றில் இருக்கையும் இல்லை, பட்டியும் இல்லை. கறுப்புப் பூச்சு மட்டுமே. ஆனால் உருவரை பிசகினால் மாதிரி தள்ளுபடி. வாசற்படியில் நின்ற பெரியவரின் கண் அப்படிப் பழகிய கண்.

இனி கணக்குக்கு வருவோம். நல்ல பார்வையுள்ள மனிதக் கண் பிரித்தறியக் கூடிய மிகச் சிறிய கோணம் சுமார் ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒன்று. மாதிரியை 30 செ.மீ. தூரத்தில் வைத்துப் பார்த்தால் இக்கோணம் 0.087 மி.மீ. ஆகும். அதை 72-ஆல் பெருக்குங்கள்: 6 மி.மீ.க்குச் சற்று மேல். ஆக, உண்மை விமானத்தில் 6 மி.மீ.க்குக் குறைந்த எதுவும் மாதிரியில் வெறும் கண்ணுக்குத் தெரியக் கூடாது. வேறு விதமாகச் சொன்னால், 30 செ.மீ.யில் மாதிரியைப் பார்ப்பதும் 21.6 மீட்டர் தள்ளி நின்று நிஜ விமானத்தைப் பார்ப்பதும் ஒன்றே. அவ்வளவு தூரத்திலிருந்து ரிவெட்டுத் தலைகளை எண்ண முடியுமா? ஆனால் ரிவெட்டுத் தலைகள் என்று தனியாகவே விற்கிறார்கள். வாங்கி வரிசையாக ஒட்டினால் விமானம் அம்மை கண்ட குழந்தைபோல் ஆகிவிடுகிறது.

இந்தப் பெருக்கல்தான் நுணுக்கப் பாகங்களுக்கு நான் வைக்கும் தேர்வு. பாகத்தின் தடிமனை அளந்து 72-ஆல் பெருக்கினால் அதன் வண்டவாளம் தெரிந்துவிடும்.

முதலில் பித்தளை. மெல்லிய தகட்டில் ஒளியுணர் பூச்சுப் பூசி, படச்சுருள் வழியே புறஊதா ஒளி காட்டி, ஃபெர்ரிக் குளோரைடு கரைசலில் அரிக்கிறார்கள். ரிச்சி தெருவில் பொருள் வாங்கி மின்சுற்றுப் பலகை செய்யும் மாணவர்கள் கையாளும் அதே வித்தை. இம்முறையில் எந்த வடிவத்தையும் மயிரிழை நுட்பத்தில் வெட்டலாம். ஆனால் எல்லாம் தட்டையாகவே வரும். கம்பி வலை, துளையிட்ட தகடு, கருவிப் பலகை ஆகியவற்றுக்கு இது பொருந்துகிறது. இருக்கைப் பட்டியோ நிஜத்தில் ஒன்றரை மி.மீ. தடிமனுள்ள நாடா. 0.1 மி.மீ. பித்தளையில் செய்தால் அது 7 மி.மீ. கனமுள்ள பலகையாகிறது. மடியில் தொய்ந்து கிடக்க வேண்டியது விறைத்து நிற்கும். உருண்டையான பிடிகளையும் குழாய்களையும் பித்தளைத் தகட்டில் வெட்டித் தருவதை நான் ஏமாற்று என்றே சொல்வேன். பக்கவாட்டில் பார்த்தால் பிடி; முன்னாலிருந்து பார்த்தால் கோடு.

ரெசின் நியாயமான பொருள். சிலிக்கோன் ரப்பர் அச்சில் வார்ப்பதால், பிளாஸ்டிக் வார்ப்பில் வராத குடைவுகள் எல்லாம் வரும். இருக்கை, சக்கரம், விளிம்பு மெலிந்த புகைபோக்கி ஆகியவற்றுக்கு ரெசினை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் தேய்க்கும்போது எழும் தூள் நுரையீரலுக்கு ஆகாது. நீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். மூக்கை மூடிக்கொள்ள வேண்டும். இப்போது ரெசின் வார்ப்பின் இடத்தை முப்பரிமாண அச்சு பிடித்து வருகிறது. அதன் படலம் 0.03 மி.மீ. என்றால் பெருக்கி வருவது 2 மி.மீ.; நம் தேர்வில் நல்ல மதிப்பெண்.

வெள்ளீயக் கால்கள் தேர்வில் தோற்கின்றன. பிளாஸ்டிக் காலை நகல் எடுத்துத்தான் பெரும்பாலும் இவை வார்க்கப்படுகின்றன; ஆகவே பிளாஸ்டிக்கில் இருந்த தவறு உலோகத்திலும் இருக்கும். மெத்தென்ற கலவையாதலால் வளைந்தும் கொடுக்கும். கனத்தைத் தவிர இவற்றால் கிடைத்தது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கடைந்தெடுத்த பித்தளைக் குழல்களுக்கு மட்டும் முழு மதிப்பெண். மிக்-21 விமானத்தின் மூக்கில் ஈட்டிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டோ குழலைப் பார்த்திருப்பீர்கள். காற்றழுத்தத்தைக் கொண்டு வேகத்தை அறிவதற்கானது. பிளாஸ்டிக்கில் அது குச்சிபோல் தடித்திருக்கும். தூசி தட்டும்போது முதலில் ஒடிவதும் அதுதான். போலந்தின் மாஸ்டர் நிறுவனம் இதைக் கடைந்து விற்கிறது. வாங்க முடியாதவர்கள் மருந்துக் கடையில் புதிய இன்சுலின் ஊசி வாங்கலாம். 0.3 மி.மீ. தடிமனுள்ள எஃகுக் குழல் 72-ஆல் பெருகினால் 21.6 மி.மீ. நடுவில் துளையும் இருக்கும். அரத்தால் வெட்டி, கூர் முனையை முதலிலேயே மழுக்கிவிட வேண்டும்.

யாரும் பேசாத ஒரு பாகத்தை இங்கே சொல்ல வேண்டும். விமானி அறையின் மேல் மூடும் ஒளிபுகு மூடி கிட்டுகளில் 1 மி.மீ. கனம் இருக்கிறது. பெருக்குங்கள்: 72 மி.மீ. ஏழு செ.மீ. கண்ணாடிக்குப் பின்னால் எந்த நுணுக்கத்தை வைத்தாலும் அது ஒளிவிலகலால் கலங்கித்தான் தெரியும். சூடாக்கிய பிளாஸ்டிக் தாளை வெற்றிடத்தால் இழுத்துச் செய்யும் மூடி கால் மி.மீ. கனமே வரும். விலையும் குறைவு. ஆனால் விமானி அறைக்கு முப்பது பித்தளைத் துண்டுகள் வாங்குகிறவர்கள் இந்த மூடியை வாங்குவதில்லை. மினுமினுப்பு இல்லாத சரக்கு!

பாகம் நல்லதாக இருந்தாலும் அதை ஒட்டுவது எதனால்? இதற்கு விடை எங்களுக்கு 2015 டிசம்பர்த் தொடக்கத்தில் கிடைத்தது. அடையாற்று வெள்ளம் முடிச்சூருக்குள் புகுந்தபோது கீழ்த்தளத்தில் இருந்த என் அலமாரி மூழ்கியது. மனிதர்கள் மாடி ஏறித் தப்பினோம். அக்கம்பக்கத்தில் வாழ்நாள் சேமிப்பையே இழந்தவர்கள் இருக்க, மாதிரி விமானத்தைப் பற்றி வாய்விட்டுப் புலம்ப எனக்குக் கூச்சமாக இருந்தது. சேற்றை அள்ளிய பிறகு ஒரு வாளியில் போட்டுக் கழுவிப் பார்த்தேன். இரட்டை இருக்கை நேட்டின் உடலும் இறக்கையும் அப்படியே இருந்தன. பித்தளை, ரெசின், வெள்ளீயம் அத்தனையும் உதிர்ந்து போயிருந்தன.

காரணம் எளிது. பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்கை ஒட்டும் கரைப்பான் பசை இரு பரப்புகளையும் இளக்கி, அவற்றின் மூலக்கூற்றுச் சங்கிலிகளைப் பின்னச் செய்கிறது. காய்ந்தபின் அது ஒட்டல்ல, ஒரே பொருள். உலோகத்துக்கும் ரெசினுக்கும் அது ஆகாது. சயனோ அக்ரிலேட்டுப் பசைதான் வேண்டும். அது நடுவில் நிற்கும் மெல்லிய, நொறுங்கும் படலம். போதாக்குறைக்கு, வெப்பத்தில் பாலிஸ்டைரீன் பித்தளையைவிட மூன்று நான்கு மடங்கு விரிகிறது. சித்திரை வெயிலில் நாள்தோறும் இழுபட்டுத் தளர்ந்த படலத்துக்குள் வெள்ளநீர் புகுந்தால் நிற்குமா? எபாக்சி பசை இதைவிட மேல். இன்னொன்று: சயனோ அக்ரிலேட்டு காற்றின் ஈரத்தால் இறுகுவது; நம் ஐப்பசி, கார்த்திகைப் புழுக்கத்தில் அது கண்மூடித் திறப்பதற்குள் பிடித்துக்கொள்வதோடு, ஒளிபுகு பாகங்களின் மேல் வெண்புகை படியவும் செய்யும். குளிர்நாட்டில் அச்சிட்ட செய்முறைத் தாள் இதைச் சொல்லாது.

அத்தாள் சொல்லாதது இன்னும் உண்டு. மெஸ்ஸர்ஷ்மிட்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் பட்டியல் பட்டியலாக நுணுக்கப் பாகங்கள் வருகின்றன. நம் தலைக்கு மேல் பறந்தவற்றுக்கு ஏதேனும் கிடைத்தால் அதிர்ஷ்டம். வணிகர்களைக் குறை சொல்லிப் பயனில்லை; வாங்குவோர் இருக்கும் பக்கம்தான் சரக்கு போகும். ஆனால் அதன் விளைவாக, தாம்பரம் ரயிலடியில் நிற்கும் பையனுக்கு ஜெர்மன் விமானத்தின் பட்டிக் கொக்கி தெரிகிறது. கிரணில் ஆசிரியரும் மாணவரும் முன்பின்னாக அல்ல, பக்கத்தில் பக்கத்தில் அமர்கிறார்கள் என்பது தெரிவதில்லை.

வெள்ளத்துக்குப் பிறகு ஒற்றை இருக்கை நேட் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். இம்முறை உடலையும் இறக்கையையும் அளந்து சரிபார்த்த பிறகே பசையைத் தொட்டேன். நுணுக்கப் பாகம் என்று வாங்கியது மெல்லிய மூடி ஒன்று மட்டும். பெரியவரை மீண்டும் அழைத்தேன். இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்து, கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேட்டுக்குத் தனியாக வேகத்தடைப் பலகை கிடையாது என்றும், இறங்கு கால்களைப் பாதி இறக்கினால் சக்கரக் கதவுகளே காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் என்றும் சொன்னார். எந்த உறையின் பின்பக்கத்திலும் நான் படித்திராத செய்தி.

"எல்லாம் சரிதான் தம்பி. கதவுதான் கொஞ்சம் தடிமன்."

அவர் போனபின் அளந்தேன். 1 மி.மீ. அன்று மாலையே காலியான குளிர்பானத் தகர டப்பா ஒன்றைக் கத்தரித்தேன். அலுமினியம், 0.1 மி.மீ.