ஐயோ, அந்த இரண்டு சென்டிமீட்டர்!

2021 ஆகஸ்ட் 31 சாயங்காலம் நீங்கள் எங்கே இருந்தீர்களோ, நான் திருக்கோவிலூரில் ஒரு டீக்கடை பெஞ்சில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டிவியில் யார் ஓடி வந்தாலும் என்னையறியாமல் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டோக்கியோ பாராலிம்பிக்ஸ், ஆண்கள் உயரம் தாண்டுதல், டி63 பிரிவு. களத்தில் எங்கள் மாரியப்பன் தங்கவேலு!

'எங்கள்' என்கிறேனே என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். அவருடைய பெரியவடகம்பட்டி சேலம் மாவட்டம்தான், தெரியும். கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள்; நடுவில் ஒரு மலை நின்றால் உறவு விட்டுப்போகுமா என்ன?

ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகிற வழியில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கிய பிள்ளை, காய்கறி விற்ற அம்மா வளர்த்த பிள்ளை, 2016-இல் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கத்தோடு வந்தார். 1.89 என்பது வெறும் நம்பர் இல்லை சார்! நான் டேப் எடுத்து வீட்டுச் சுவரில் அளந்து சாக்பீஸால் கோடு போட்டு அதன் கீழே போய் நின்றேன். என் தலைக்கு மேலே இன்னும் ஒரு சாண் காலியாகக் கிடந்தது. வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்!

இந்த ஆட்டத்தின் விதியே அழகு. ஒற்றைக் காலை ஊன்றித்தான் எழும்ப வேண்டும், இரண்டு காலாலும் குதித்தால் செல்லாது. கம்பை உரசலாம், அது ஆடலாம், விழக்கூடாது. தொடர்ந்து மூன்று முறை தவறினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒரு காலை ஊன்றி மறு காலை வானத்துக்குத் தூக்கி நிற்கிற உலகளந்த பெருமாள் ஊர்க்காரனுக்கு இந்த விளையாட்டை யாராவது விளக்கிச் சொல்ல வேண்டுமா?

இப்போது நினைத்துப் பாருங்கள். கொரோனா காலம், அத்தனை பெரிய ஸ்டேடியத்தில் பார்வையாளர்களே இல்லை. தொடக்க விழாவில் தேசியக் கொடி பிடிக்க வேண்டியவர் மாரியப்பன். விமானத்தில் தொற்றுள்ள ஒருவரோடு வந்துவிட்டார் என்று தனிமைப்படுத்தியதால் அதுவும் போயிற்று. போட்டி நாளிலோ மழை! முதலில் தூறல், 1.80 தாண்டியதும் நன்றாகவே பிடித்துக்கொண்டது. ஊனமுற்ற காலில் போட்டிருந்த சாக்ஸ் நனைந்து தாண்டவே சிரமமாகிவிட்டது என்று அவரே பிறகு சொன்னார். அந்த ஈரத்தோடு 1.86 தாண்டினார் பாருங்கள், நான் பெஞ்சை விட்டு எழுந்து கத்திய கத்தலில் டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார்!

எதிரே அமெரிக்காவின் சாம் கிரூ, செயற்கைக்காலோடு பறக்கிற மனிதர், ரியோவில் நம்மவருக்குப் பின்னால் வெள்ளி வாங்கியவர். கம்பு 1.88-க்கு ஏறியது, இரண்டே இரண்டு சென்டிமீட்டர், ஒரு விரல் தடிமன், அதற்காக இரண்டு பேரும் ஓடி வருகிறார்கள், முதல் முறை இவரும் தவற அவரும் தவற, இரண்டாவது முறையும் அப்படியே, என் கால் தானாகத் தூக்குகிறது இறங்குகிறது தூக்குகிறது, பக்கத்தில் பஸ்ஸுக்காக நின்ற பெரியவர் "தம்பி, உடம்புக்கு ஏதாச்சுமா?" என்று கேட்கிறார், பதில் சொல்ல எனக்கு மூச்சே இல்லை, மிச்சம் ஆளுக்கு ஒரே ஒரு வாய்ப்பு, மாரியப்பனின் கம்பு விழுந்தது, கிரூவின் கம்பு நின்றது, அவ்வளவுதான் ஆட்டம் முடிந்தது, நான் என்னவோ நானே தாண்டி விழுந்தவன் மாதிரி பெஞ்சில் மல்லாந்து கிடந்தேன்!

தோல்வியா? போங்கள் சார்! மாரியப்பனுக்கு வெள்ளி, 1.83 தாண்டிய சரத் குமாருக்கு (நம்ம நடிகர் இல்லை, பீகார்காரர்) வெண்கலம், பரிசு மேடையில் மூன்றில் இரண்டு பேர் நம்மவர்கள். குறை சொல்லியே ஆக வேண்டுமென்றால் மழையைச் சொல்லலாம். தென்பெண்ணை ஆற்றங்கரைக்காரன் நான், மழையை எப்படித் திட்டுவேன்!

இதற்கு மேல்தான் விஷயமே. 2024 மே மாதம் கோபேயில் உலக பாரா தடகள சாம்பியன்ஷிப். அதே ஜப்பான். மாரியப்பன் தாண்டிய உயரம் எவ்வளவு தெரியுமா? 1.88! அந்த இரண்டு சென்டிமீட்டரை வட்டியோடு வசூலித்துத் தங்கம் வாங்கினார். இன்னொரு அமெரிக்கர் எஸ்ரா ஃபிரெக்கும் கிரூவும் அவருக்குப் பின்னால்தான். அதே வருஷம் பாரிஸில் 1.85, வெண்கலம், தொடர்ந்து மூன்றாவது பாராலிம்பிக்ஸ் பதக்கம். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று ஆள் இறங்கிக்கொண்டே வருகிறாரே என்று எவனாவது கணக்குச் சொன்னால், நின்று வாதாடாதீர்கள். கோபே என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள், அதுவும் சத்தமாக!