‘விரும்பினால்’ என்னும் சொல்

சட்டங்களை இலக்கியம்போல் வாசிப்பது நம் வழக்கமன்று. எனினும், 1990-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி 1997 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பிரசார் பாரதி சட்டத்தை அவ்வாறே வாசித்துப் பார்த்தோம். அகில இந்திய வானொலியையும் தூர்தர்ஷனையும் அமைச்சகத்தின் நேரடிப் பிடியினின்று விடுவித்துத் தன்னாட்சிக் கழகம் ஒன்றிடம் ஒப்படைக்க எழுந்த சட்டம் அது.

எழவேண்டிய தேவை நமக்குத் தெரிந்ததே. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பெற்ற நாள் 1975 ஆகஸ்டு 15. நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டு ஏழு வாரங்களே கழிந்திருந்தன. தமிழகத்தில் அந்தப் பெட்டி கண் திறந்தபோதே அதன் வாய் கட்டப்பட்டிருந்தது எனலாம். பின்னர் பி. ஜி. வர்கீஸ் தலைமையிலான குழு 1978-இல் தந்த அறிக்கை, ஒலி-ஒளிபரப்பைத் தேசிய அறக்கட்டளை ஒன்றின் பொறுப்பில் விடுமாறு பரிந்துரைத்தது. அறக்கட்டளை கழகமாகிச் சட்ட வடிவம் பெறப் பன்னிரண்டு ஆண்டுகள். அச்சட்டம் உயிர்பெற மேலும் ஏழு.

சட்டத்தின் 12-ஆம் பிரிவு உள்ளபடியே அழகானது. மக்களுக்கு அறிவிப்பதும், கற்பிப்பதும், மகிழ்விப்பதும் கழகத்தின் முதற்கடமை என்கிறது. பொதுநலன் சார்ந்த எதையும் தடையின்றியும், உண்மையாகவும், நடுநிலையோடும் அறிந்துகொள்ளும் குடிமக்களின் உரிமையைக் காக்கவேண்டும். மாறுபட்ட கருத்துகளுக்கும் இடமளிக்கவேண்டும். தனக்கென ஒரு கொள்கையைப் பரப்பலாகாது. சிற்றூர் மக்கள், நலிந்தோர், சிறுபான்மையினர், பழங்குடியினர் ஆகியோரின் தேவைகளும் அங்கே மறக்கப்படவில்லை. இப்படி எழுதியவர்கள் மக்களை மதித்தவர்கள் என்றே நாம் நம்புகிறோம்.

ஆனால் அதே பிரிவின் பிற்பகுதியில் ஒரு சிறு வாக்கியம் ஒதுங்கி நிற்கிறது. இக்கடமைகளை நிறைவேற்றத் தவறியது என்பதற்காக மட்டும் கழகத்தின்மீது உரிமையியல் பொறுப்பு எதுவும் சாராதாம்! மேலே வாரி வழங்கிய கை கீழே மெல்லத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கடமை உண்டு, கடன்பட்டவர் இல்லை. குறைகேட்பதற்கென ஒலி-ஒளிபரப்பு மன்றம் ஒன்றைச் சட்டம் விதிக்கிறது என்பது மெய்தான். ஆனால் அம்மன்றம் ஆலோசனை கூறலாம், ஏற்பதா மறுப்பதா என்று முடிவுசெய்வது கழகமே.

இதனினும் நம்மை உறுத்துவது 23-ஆம் பிரிவு. நாட்டின் இறைமை, ஒருமைப்பாடு, பாதுகாப்பு, பொது ஒழுங்கு ஆகியவற்றின் பொருட்டு, இதை ஒலிபரப்பு என்றோ இதை ஒலிபரப்பாதே என்றோ நடுவண் அரசு கட்டளையிடலாம். அத்தகைய அதிகாரம் அறவே கூடாதென்று நாம் வாதிடவில்லை. வதந்தி கிளம்பிக் கலவரம் மூளும் வேளையில் அது தேவைப்படலாம். கட்டளையின் படி நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்படவேண்டும் என்ற காப்பும் உண்டு. கட்டளைப்படி ஒலிபரப்பும்போது அந்த உண்மையைக் கேட்போருக்குச் சொல்லவேண்டுமா என்பதே கேள்வி. கழகம் ‘விரும்பினால்’ சொல்லலாம் என்கிறது சட்டம். பணத்துக்கு அரசின் மானியத்தை எதிர்நோக்கி நிற்கும் ஒரு கழகம், அந்த அரசின் குரலையே தான் ஒலிக்கிறோம் என்று தானாக முன்வந்து அறிவிக்க எப்போது விரும்பும்? அவைகளில் வைக்கப்படும் தாளை வயலில் வானொலி கேட்கும் உழவர் எங்கே காண்பார்? அவர் காதில் விழுவது செய்தி வாசிப்பவரின் குரல் மட்டுமே. அது யாருடைய சொல் என்பதை அறியும் உரிமையை 12-ஆம் பிரிவு அவருக்கு அளித்திருக்க, 23-ஆம் பிரிவு அதைக் கழகத்தின் விருப்பத்திற்கு விட்டுவிடுகிறது.

1993-இல் ஒரு கிரிக்கெட் போட்டித் தொடரின் ஒளிபரப்பு உரிமையைப்பற்றி எழுந்த வழக்கில், 1995 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் இங்கு நினைக்கிறோம். (பந்தும் மட்டையும் சண்டையிட்டதால் நமக்கு ஓர் உரிமைச் சாசனம் கிடைத்தது!) வான் அலைகள் பொதுச்சொத்து; அவற்றை ஒழுங்குபடுத்தும் அமைப்பு அரசைச் சாராமல் தனித்து நிற்கவேண்டும் என்று நீதியரசர்கள் கூறினர். தனியார் முற்றுரிமையும் ஆபத்தே என்று நீதியரசர் ஜீவன் ரெட்டி தம் தனித் தீர்ப்பில் எச்சரித்ததை, அரசின் பிடியை மட்டுமே பழிப்போர் வசதியாக மறந்துவிடுகின்றனர்.

சொத்து பொதுவானது என்றால், அதில் ஒலிப்பது யார் குரல் என்பது சொத்துக்குரியவர்களிடம் மறைக்கப்படலாகாது. பெரிய சீர்திருத்தம் எதையும் நாம் கேட்கவில்லை. 23-ஆம் பிரிவில் ‘விரும்பினால் அறிவிக்கலாம்’ என்றிருப்பதை ‘அறிவித்தல் வேண்டும்’ என்று மாற்ற ஒருவரித் திருத்தம் போதும்.