அருவிக் கரண்ட்டைக் கட்டி மேய்க்கும் பெட்டி

இலத்திரனியலில் கைவைத்த எவரையும் கேட்டுப் பாருங்கள், உயிரான சர்க்கிட் என்று ஒன்றைச் சொல்வார். ஒருவருக்கு எப்.எம். ரேடியோ, இன்னொருவருக்கு அம்ப்ளிபயர். எனக்கு, சப்ரகமுவ மலைகளின் ஓடைக்கரைகளில், தகரக் கூரை போட்ட சின்னஞ்சிறு பவர் ஹவுஸ்களின் சுவரில் தொங்கும் லோட் கொன்ட்ரோலர். இதைவிட அழகான சர்க்கிட்டை நான் பார்த்ததில்லை. அதைத் திறந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் இதை வடிவமைத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுப்பது நம் மலைகளுக்குப் பழைய கதை. தேயிலைத் தோட்டங்கள் பலவற்றில், ஊருக்குக் கரண்ட் வருமுன்பே, ஓடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கி டர்பைன் சுற்றித்தான் ஸ்டோர் இயந்திரங்களை ஓட்டினார்கள். மஸ்கெலியா ஓயாவின் அருவிகளில் நாட்டுக்கே வெளிச்சம் இருக்கிறது என்று டி. ஜே. விமலசுரேந்திர கணக்குப் போட்டு 1918இல் கட்டுரை எழுதினார். அந்தத் தண்ணீர் களனியாகி, கித்துல்கலையையும் எட்டியாந்தோட்டையையும் தாண்டிப் போகிறது. அப்படியிருந்தும் ஆற்றுக்கு மேலே இருந்த கிராமங்களிலும் லயங்களிலும் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. டிவி பார்க்க ஆசைப்பட்டவர்கள் கார் பற்றரியைத் தோளில் சுமந்துபோய் டவுனில் சார்ஜ் பண்ணி வந்தார்கள்.

அந்த இருட்டைப் போக்கியவை கிராமத்து நீர்மின் திட்டங்கள். பிராக்டிகல் அக்ஷன் என்று இன்று அழைக்கப்படும் ஐ.டி.டி.ஜி. நிறுவனம் உள்ளூர்ப் பட்டறைக்காரர்களுக்கு டர்பைன் செய்யவும் கொன்ட்ரோலர் செய்யவும் கற்றுக்கொடுத்தது. 1997 முதல் உலக வங்கியின் கடன் திட்டங்களும் கைகொடுத்தன. ஊரார் சேர்ந்து சங்கம் அமைத்தார்கள், கால்வாய் வெட்டினார்கள், குழாயைத் தோளில் தூக்கினார்கள். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் இந்தத் திட்டங்கள் செறிந்திருந்ததற்குக் காரணம் நம் மழையும் நம் செங்குத்தும்தான்.

கணக்கு எளிது. விநாடிக்கு 20 லீற்றர் தண்ணீர், 20 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 9.81ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 4 கிலோவாட். உராய்விலும் வெப்பத்திலும் பாதி போனாலும் 2 கிலோவாட் கைக்கு வரும். வீட்டுக்கு 100 முதல் 200 வாட் என்றால், பத்துப் பதினைந்து வீடுகளில் விளக்கு எரியும், டிவியும் ஓடும்.

இனிதான் என்னைக் கிறங்கடிக்கும் இடம். ஜெனரேட்டராகச் சுற்றுவது விசேஷமான இயந்திரம் எதுவுமில்லை, சாதாரண மூன்று பேஸ் மோட்டார்! நான்கு துருவ மோட்டாரை 1500 சுற்றுக்குச் சற்று மேலே தண்ணீரால் சுற்றி, சுருள்களுக்குக் குறுக்கே கெப்பாசிட்டர்களை மாட்டினால், இரும்பில் மிச்சமிருக்கும் துளிக் காந்தத்தைப் பிடித்துக்கொண்டு வோல்டேஜ் தானாக எழும்பும். ஒரு பேஸுக்கு ஒரு பங்கு, இன்னொரு பேஸுக்கு இரண்டு பங்கு என்று கெப்பாசிட்டரைப் பிரித்துப் போட்டால், மூன்று பேஸ் மோட்டாரிலிருந்தே வீட்டுக்கு வேண்டிய ஒற்றை பேஸ் கரண்ட்டை எடுத்துவிடலாம். மோட்டாரின் திறனில் ஏறக்குறைய 80 சதவீதம் கிடைக்கும். மின்கம்பி எங்காவது ஷோர்ட் ஆனால் காந்தம் விழுந்து வோல்டேஜ் தானே அடங்கிவிடும், சுருள் கருகாது. பிறகு எழும்பவில்லையா? நின்றிருக்கும் மோட்டாரின் சுருளில் ஒரு 12 வோல்ட் பற்றரியைச் சில விநாடி தொட்டு எடுங்கள், காந்தம் திரும்பிவிடும். வேறு காரணத்தால் சுருள் கருகினாலும், ரீவைண்ட் பண்ணத் தெரிந்தவர் இல்லாத டவுன் ஏது?

ஆனால் இந்த மோட்டாருக்கு ஒரு முரட்டுக் குணம் உண்டு. தண்ணீர் ஒரே வேகத்தில் வந்துகொண்டிருக்க, ஊரே விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால், சுமை இறங்கியதும் வேகம் ஏறும், வோல்டேஜ் எகிறும், விழித்திருக்கிற ஒரு வீட்டு டிவி புகைந்துவிடும். தண்ணீரைத் திறந்து மூடும் இயந்திரம் வைக்கலாம்தான். விலை அதிகம், வேகமும் போதாது. லோட் கொன்ட்ரோலர் தண்ணீரைத் தொடுவதே இல்லை. ஊர் வேண்டாம் என்று விட்ட மின்சாரத்தை அந்தக் கணமே ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் இருக்கும் ஹீட்டருக்குத் திருப்பிவிடுகிறது. வீடு கேட்டால் ஹீட்டரிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. ஜெனரேட்டருக்கு எப்போதும் ஒரே சுமை, வீட்டுக்கு எப்போதும் ஒரே வோல்டேஜ். இவ்வளவு எளிமையான ஒரு யோசனையால் ஓர் ஊருக்கே நிம்மதியான தூக்கம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

பிழை கண்டுபிடிப்பதில் இந்தச் சர்க்கிட்டைப் போல் கற்றுத்தரும் வாத்தியார் வேறில்லை. தெரணியகலைப் பக்கம் ஓர் ஊரில் பவர் ஹவுஸைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். "மல்லி, வீட்டுல பல்பு மங்குது, இங்க தொட்டித் தண்ணி கொதிக்குது" என்றார். அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி விடை இருந்தது. இலை அடைத்துத் தண்ணீர் குறைந்திருந்தால் ஹீட்டருக்கு மிச்சமே இருக்காது, தொட்டி குளிர்ந்திருக்க வேண்டும். வீடு மங்கும்போது தொட்டி கொதித்தால், குற்றம் ஓடையில் இல்லை, பெட்டிக்குள்தான்.

டர்பைனை நிறுத்தி, கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரத்தை ஒரு பல்பு வழியாக இறக்கிய பிறகு, ஹீட்டரை விநாடிக்குப் பல தடவை திறந்து மூடும் ஐ.ஜி.பி.டி.யில் மல்டிமீட்டரை வைத்தேன். எந்தப் பக்கம் வைத்தாலும் 'பீப்'. ஷோர்ட் ஆகி, ஹீட்டர் முழுநேரமும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றிவிட்டு வந்தால் புதியதும் போய்விடும். செத்தது எது என்பதோடு நிற்காமல், எதனால் செத்தது என்று தேட வைப்பதில்தான் இந்தச் சர்க்கிட்டின் பெருமை. ஹீட்டர் ஒரு சுருள். கரண்ட்டைச் சடாரென்று நிறுத்தும்போது அது வோல்டேஜை மேலே தூக்கி எறியும். அந்தத் துள்ளலை வாங்கிக்கொள்ள ஒரு டயோட் இருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது அந்த டயோட்டின் காலைச் சுற்றி, சோல்டரில் மயிரிழை போல் வட்டமாக ஒரு விரிசல்! சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஈயம் விட்டுப்போயிருக்கிறது. டயோட்டையும் ஐ.ஜி.பி.டி.யையும் மாற்றினேன். ஹீட்டர் இருந்த இடத்தில் ஒரு 100 வாட் இழை பல்பை மாட்டி, வால்வைக் கொஞ்சமாகத் திறந்தேன். சுமைக்கு மாட்டிய பல்பை அணைத்ததும் ஹீட்டர் இடத்துப் பல்பு பளீரென்று எரிந்தது. மீற்றர் முள் 230ஐ விட்டு அசையவில்லை. அந்த முள் தரும் ஆனந்தம் சொன்னால் புரியாது, பார்க்க வேண்டும்.

வடிவமைப்பு இன்னும் ருசி. மூளை முழுவதையும் எல்.எம்.324 என்ற ஒரே ஐ.சி.க்குள் அடக்கிவிடலாம். அதற்குள் நான்கு அம்ப்ளிபயர்கள். இரண்டு சேர்ந்து முக்கோண அலை உண்டாக்கும். மூன்றாவது, இப்போதைய வோல்டேஜுக்கும் நாம் வைத்த அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக்கொண்டே வரும். நான்காவது, அந்த இரண்டையும் ஒப்பிட்டு, ஹீட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்று முடிவு செய்யும். மூன்றாவதில் ஒரு ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் தேர்ந்தெடுப்பதில்தான் கலை இருக்கிறது. பெட்டி திருத்தும் வேகம் கூடினால் ஊர் விளக்கெல்லாம் கண் சிமிட்டும். குறைந்தால், எல்லோரும் ஒன்றாக அணைக்கும்போது வோல்டேஜ் துள்ளும். இரண்டுக்கும் நடுவில் விளக்கு ஆடாமல் நிற்கும் புள்ளியைக் காதாலும் கண்ணாலும் தேடிப் பிடிப்பது போன்ற சுகம் எனக்கு வேறெதிலும் இல்லை.

தேசிய மின்கம்பி வந்ததும் பல ஊர்கள் தங்கள் பவர் ஹவுஸைக் கைவிட்டன. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டியபோது, சொந்த ஓடையில் சொந்த வெளிச்சம் என்பதன் அருமை எல்லோருக்கும் விளங்கியிருக்கும்.

தோட்டத்துப் பிள்ளைகளே, பாடப்புத்தகத்தில் தடையி, கொள்ளளவி என்று படிக்கிறீர்களே, அவற்றை இந்த வாரமே கையில் எடுங்கள். இரண்டு விளையாட்டு மோட்டார்களின் அச்சை ஒரு ரப்பர் குழாயால் இணையுங்கள். ஒன்றைப் பற்றரியில் ஓட்டினால் மற்றது கரண்ட் தரும். அதற்கு ஒரு எல்.எம்.358, ஒரு பி.டி.139 ட்ரான்சிஸ்டர், ஹீட்டருக்குப் பதில் ஒரு டோர்ச் பல்பு. சுமை ஏறினாலும் இறங்கினாலும் வோல்டேஜ் மாறாமல் நிற்க வையுங்கள். சாமான்கள் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும். பழைய ரேடியோ, டிவி போர்டுகளிலிருந்தும் நிறையக் கழற்றி எடுக்கலாம். வீட்டு மின்சாரத்தைத் தொட வேண்டாம், பற்றரியே போதும். அது ஓடியதும், பக்கத்து ஊரில் பூட்டிக் கிடக்கும் பவர் ஹவுஸின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, தெரிந்த பெரியவர் ஒருவரோடு போய்ப் பாருங்கள். அந்தப் பெட்டியைத் திறந்து வாசிக்கத் தெரிந்தவர்கள் நம் மலையில் இன்னும் நிறையப் பேர் வேண்டும்.